டத்தோ ஓன் ஜாஃபார்: உங்கள் மைகார்டுக்குப் பின்னால் இருக்கும் ஜொகூர் கதை

ஜொகூர் பாருவில் இருப்பவர்களுக்குப் பண்டார் டத்தோ ஓன் என்ற பெயர் புதிதல்ல. நெடுஞ்சாலைப் பலகையில் தினமும் பார்த்திருப்பீர்கள். அம்னோவைத் தோற்றுவித்தவர் என்று பள்ளியில் படித்தும் இருப்பீர்கள். ஆனா, தான் தொடங்கிய கட்சியைவிட்டு அவரே ஏன் வெளியேறினார் தெரியுமா? அந்தக் கேள்விக்கான பதிலில் நம் தாத்தா பாட்டிகளின் குடியுரிமையும் அடங்கியிருக்கிறது.

அரண்மனையில் வளர்ந்தவர்

ஓன் 1895 பிப்ரவரி 12-ஆம் தேதி ஜொகூர் பாருவில் பிறந்தார். தந்தை ஜாஃபார் ஹாஜி முகமட், ஜொகூரின் முதல் மந்திரி பெசார். இங்கிலாந்திலும் பிறகு கோலகங்சார் மலாய் கல்லூரியிலும் படித்த ஓன், வசதியான அரசு வேலையில் காலம் தள்ளியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

1920-களின் பிற்பகுதியில் ஜொகூர் நிர்வாகத்தை விமர்சித்துச் சிங்கப்பூர் ஆங்கில ஏடு ஒன்றில் அவர் எழுதினார். ஓராங் அஸ்லி மக்கள் நடத்தப்பட்ட விதம், சிறைக்கைதிகளின் நிலை, தோட்டத் தொழிலாளர்களின் மோசமான போக்குவரத்து வசதி ஆகியவை அதில் இடம்பெற்றதாக வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. விளைவு? ஜொகூரைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. சிங்கப்பூரில் ‘வார்த்தா மலாயா’, ‘லெம்பாகா மலாயா’ ஆகிய ஏடுகளின் ஆசிரியராக அவர் பெயர் பெற்றார்.

பத்து பகாட் முதல் அம்னோ வரை

1945-இல் ஜப்பானியர் ஆட்சி முடிந்த கையோடு, பத்து பகாட் வட்டாரத்தில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே இரத்தக்களரி மூண்டது. அப்போது அங்கு மாவட்ட அதிகாரியாக இருந்த ஓன், கியாய் சாலேவின் ஆட்களை நேரில் சந்தித்து மோதலைத் தணித்தார். இனப்பகை என்ன செய்யும் என்பதை அவர் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

அடுத்த ஆண்டு பிரிட்டிஷார் மலாயன் யூனியனை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். சுல்தான்களின் அதிகாரம் பறிபோகும், குடியுரிமை எல்லாருக்கும் தாராளமாகத் திறந்துவிடப்படும் என்ற நிலையில் மலாய்க்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். 1946 மே 11-ஆம் தேதி ஜொகூர் பாரு இஸ்தானா பெசாரில் அம்னோ பிறந்தது. ஓன் அதன் தலைவரானார். போராட்டம் வென்றது, 1948-இல் மலாயா கூட்டரசு உருவானது.

இங்கேதான் நம்மவர்களுக்குச் சிக்கல். புதிய ஒப்பந்தத்தில் குடியுரிமை விதிகள் இறுகிவிட்டன. வெளிநாட்டில் பிறந்தவர் விண்ணப்பிக்க, 25 ஆண்டுகளில் 15 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். மலாய் அல்லது ஆங்கிலமும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு பால்மரத் தொழிலாளி இதை எப்படித் தாண்டுவார்?

அவர் மனம் மாறியது எப்படி?

1948 இறுதியில் மலாய், சீனத் தலைவர்கள் ஜொகூர் பாருவில் ஓனின் வீட்டில் கூடிப் பேசினார்கள். இதிலிருந்து 1949-இல் சமூகங்களின் தொடர்புக் குழு உருவானது. அதற்குத் தலைமை தாங்கியவர் இலங்கைத் தமிழர் வம்சாவளியைச் சேர்ந்த ஈ. ஈ. சி. துரைசிங்கம்.

குழுவில் நடந்த பேரத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: மலாய்க்காரர்களின் வறுமையைப் போக்க அரசு உதவ வேண்டும், மற்றவர்களுக்குக் குடியுரிமைக் கதவு இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும். முதல் பாதி, 1950-இல் ஓன் தலைமையில் ரிடா என்ற கிராமப்புற, தொழில் மேம்பாட்டு வாரியமானது. இன்றைய மாராவின் முன்னோடி அதுவே. இரண்டாம் பாதிக்காக ஓன் சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பைச் சந்தித்தார்.

அதோடு அவர் நிற்கவில்லை. அம்னோவின் கதவையே எல்லா இனத்தாருக்கும் திறக்கச் சொன்னார். கட்சி மறுத்தது. 1951 ஆகஸ்டில் விலகி, மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். ம.இ.கா. ஆரம்பத்தில் அவர் பக்கம் நின்றது.

மக்கள் என்ன சொன்னார்கள்?

1952 பிப்ரவரியில் நடந்த கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில் 12 இடங்களில் அம்னோ–ம.சீ.ச. கூட்டணி ஒன்பதைப் பிடித்தது. ஓனின் கட்சிக்குக் கிடைத்தது இரண்டே இடங்கள். 1954-இல் அவர் தொடங்கிய பார்ட்டி நெகாரா, மலாய் உரிமைகளையே முன்வைக்கும் அரசியலுக்குத் திரும்பியது. இந்த முரண்பாட்டை மறைத்துவிட்டு அவரை மதிப்பிட முடியாது. 1955 பொதுத்தேர்தலில் ஜொகூர் பாருவிலேயே தோற்றார். 1959-இல் திரங்கானுவிலிருந்து நாடாளுமன்றம் சென்ற அவர், 1962 ஜனவரி 19-ஆம் தேதி காலமானார். மகன் உசேன் ஓன் பின்னாளில் நாட்டின் மூன்றாவது பிரதமரானார்.

இதில் உங்களுக்கு என்ன?

ஓன் தோற்றாலும் அந்தப் பேரம் தோற்கவில்லை. 1957 கூட்டரசு அரசியலமைப்பில் அதே இரு பாதிகளையும் பார்க்கலாம். மெர்டேக்காவுக்குப் பின் இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குப் பிறப்பால் குடியுரிமை கிடைத்தது. 1962-இல் அந்த விதி இறுக்கப்பட்டு, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றானது.

153-ஆவது பிரிவு மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையை மட்டும்தான் சொல்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பிரிவை முழுசா படிங்க. மற்றச் சமூகங்களின் நியாயமான நலன்களைக் காக்கும் பொறுப்பையும் அது மாமன்னரிடமே ஒப்படைக்கிறது. 8-ஆவது பிரிவு சட்டத்தின் முன் சமத்துவத்தை உறுதி செய்கிறது. அதே பிரிவு, ஓராங் அஸ்லி மக்களின் நலனுக்கும் நிலத்துக்கும் தனி ஏற்பாடு செய்ய இடம் தருகிறது.

சிவப்பு அடையாள அட்டையோடு வயதானவர்களும் பிறப்புப் பத்திரச் சிக்கலில் மாட்டிய பிள்ளைகளும் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். உங்கள் குடும்பத்திலோ பக்கத்து வீட்டிலோ அப்படி யாராவது இருந்தால், ஆவணங்களைத் திரட்டித் தேசிய பதிவு இலாகாவுக்கு அவர்களோடு ஒருமுறை போய் வாருங்கள். பாரங்களைப் படித்து நிரப்ப அவர்களுக்கு உங்கள் மொழியறிவு உதவும்.