பேட்டரியோடு மல்லுக்கட்டிய எடிசன்

ஆண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். எடிசன் என்றதும் மலர்க்குழு நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். பல்பு, கிராமபோன், அவ்வளவுதானே, எட்டாம் வகுப்பிலேயே படிச்சாச்சே என்று ஒதுக்கப் பார்த்தார்கள். நண்பர்களே, நான் பல்பைப் பற்றி எழுதவில்லை. அந்த மனுஷன் பத்து வருஷம் பேட்டரியோடு போட்ட சண்டையைப் பற்றி எழுதுகிறேன். அதற்கு முன்னால் எங்க வீட்டு மொட்டை மாடியில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லியாக வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் மேல்மலையனூர். அமாவாசை ராத்திரி அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு வரும் கூட்டம், திண்டிவனத்திலிருந்தும் செஞ்சியிலிருந்தும் நின்றுகொண்டே பஸ்ஸில் வந்தவர்களுக்குத் தெரியும். அந்த ஒரு ராத்திரி எங்க அத்தை எலுமிச்சம்பழ மாலையும் குங்குமமும் விற்பாங்க. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தையே புரட்டிப் போட்டபோது எங்க தெருவில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. எலக்ட்ரிகல் படிக்கிற பையன் வீட்டில் இருந்தும் இருட்டில் உட்கார்ந்திருக்கோமே என்று அத்தை சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

உடனே 20 வாட் சோலார் பேனல் ஒன்று, மலிவான பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் ஒன்று வாங்கினேன். பேட்டரிக்குக் காசு இல்லை. பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்த 18650 லித்தியம் அயன் செல் மூன்றைத் தொடராக இணைத்தேன். மூன்றும் சேர்ந்தால் 12 வோல்ட் கிட்டே வருதே, போதாதா? போதாது. அந்தக் கன்ட்ரோலர் லெட் ஆசிட் பேட்டரிக்கானது. 14.4 வோல்ட் வரை ஏற்றும். மூன்றால் வகுத்துப் பாருங்கள், ஒரு செல்லுக்கு 4.8 வோல்ட். லித்தியம் அயன் செல் 4.2-க்கு மேல் தாங்காது. பாதுகாப்பு போர்டு போடுவதற்கும் நான் கஞ்சத்தனம் பார்த்திருந்தேன். மதியம் இரண்டு மணிக்கு மாடியில் புகை. ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன். அடியில் விரித்த சாக்கு கருகிவிட்டது. ஐந்து நிமிஷம் முன்னாடிதான் அத்தை அதன் பக்கத்தில் வற்றல் காயப் போட்டுவிட்டு இறங்கியிருந்தாங்க.

அந்த பயத்தில் நூலகத்தில் பேட்டரி பற்றித் தேடினேன். கிடைத்தது எடிசன்.

தாமஸ் ஆல்வா எடிசன் 1847 பிப்ரவரி 11-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மிலன் என்ற ஊரில் பிறந்தார். பள்ளிப் படிப்பு சில மாதங்கள்தான், மற்றதெல்லாம் அம்மா சொல்லிக் கொடுத்தது. ரயிலில் பேப்பரும் மிட்டாயும் விற்றுக்கொண்டே சாமான் பெட்டியில் ரசாயனச் சோதனை செய்தவர். பிறகு தந்தி ஆபரேட்டர் ஆனார். அன்றைக்குத் தந்தி ஓடியதே பேட்டரியில்தான். 1867-இல் லூயிவில் நகரில் இரவுப் பணியில் இருந்தபோது, லெட் ஆசிட் பேட்டரியை நோண்டி ஆசிட்டைத் தரையில் கொட்டிவிட்டார். அது பலகை இடுக்கு வழியாக இறங்கிக் கீழ் மாடியில் அதிகாரியின் மேஜை மேலேயே விழுந்தது. மறுநாள் காலை வேலை போச்சு. வயது இருபது. இதைப் படித்த பிறகுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பல்பு, மின் நிலையம், சினிமாக் கருவி எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே, தாண்டிப் போகிறேன். இரும்புத் தாதுத் தொழிலில் பெரும் பணத்தை இழந்துவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் அவர் கை வைத்தது பேட்டரியில். 1900 வாக்கில் அமெரிக்கத் தெருக்களில் நீராவி, பெட்ரோல், மின்சாரம் என்று மூன்று வகைக் காரும் ஓடின. மின்சாரக் காருக்கு இருந்ததோ லெட் ஆசிட் பேட்டரி மட்டும். கனம் அதிகம், ஆசிட் எதையும் அரிக்கும், சார்ஜ் இறங்கியபடியே விட்டால் தகட்டில் சல்பேட் படிந்து செத்துப்போகும். சரியாகப் பராமரிக்காதவன் கையிலும் பிழைத்திருக்கும் பேட்டரி வேண்டும் என்று எடிசன் தேடினார். ஆசிட்டே வேண்டாம் என்று நிக்கல், இரும்பு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் என்று போனார். சுவீடனில் யுங்னர் என்பவரும் அதே காலத்தில் இதே வழியில் உழைத்தார், அவர் பெயரை நாம் மறக்கக் கூடாது.

1901-இல் கம்பெனி ஆரம்பித்தார், 1903-இல் விற்பனைக்கு வந்தது. வந்த வேகத்தில் புகாரும் வந்தது. செல் ஒழுகியது, திறனும் குறைந்துகொண்டே போனது. இங்கேதான் எனக்கு அந்த ஆள் மேல் மரியாதை கூடியது. அவர் உற்பத்தியை நிறுத்தி, பழுதான செல்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி சோதனைச் சாலைக்குள் போனார். கிராஃபைட்டை எடுத்துவிட்டு மெல்லிய நிக்கல் சீவல் போட்டார். கரைசலில் கொஞ்சம் லித்தியம் ஹைட்ராக்சைடு சேர்த்தார். (லித்தியம் அந்தக் காலத்திலேயே பேட்டரிக்குள் நுழைந்துவிட்டது, பாருங்கள்.) 1909-இல் புது செல் வந்தது. ஓவர் சார்ஜ், முழு டிஸ்சார்ஜ் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு பல வருஷம் உழைத்தது.

ஆனால் காலம் காத்திருக்கவில்லை. 1908-இலேயே ஃபோர்டின் மாடல் டி பெட்ரோல் கார் வந்துவிட்டது. 1912-இல் காடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. ஸ்டார்ட்டருக்கு ஒரே நொடியில் நிறைய ஆம்பியர் வேண்டும். எடிசன் செல்லின் உள் மின்தடை அதற்கு இடம் தராது, குளிரில் இன்னும் மோசம். எந்த லெட் ஆசிட்டை ஒழிக்கப் புறப்பட்டாரோ அதுவே பெட்ரோல் காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. எடிசன் செல் ரயில் விளக்கு, சிக்னல், சுரங்கத் தொழிலாளியின் தலைவிளக்கு என்று வேறு இடங்களில் வாழ்ந்து அவருக்கு நல்ல லாபமும் தந்தது. 1912-இல் வெஸ்ட் ஆரஞ்சில் ஒரு வீட்டுக்குப் பெட்ரோல் எஞ்சினால் பேட்டரியைச் சார்ஜ் செய்து, வெளி லைனே இல்லாமல் விளக்கெரித்துக் காட்டினார். எஞ்சினுக்குப் பதில் பேனல் வைத்தால் அது இன்றைய சோலார் வீடுதான்.

மன்னிக்கும் பேட்டரிக்கும் ஒரு எல்லை உண்டு. சார்ஜ் ஆகும்போது அது நிறைய ஹைட்ரஜன் விடும். 1916 ஜனவரியில் புரூக்ளின் கடற்படைத் தளத்தில் ஈ-2 நீர்மூழ்கிக் கப்பலில் எடிசன் பேட்டரியிலிருந்து சேர்ந்த வாயு வெடித்து ஆட்கள் இறந்தார்கள். சார்ஜ் வோல்ட்டேஜும் தனி ரகம். பத்து செல் சேர்த்த 12 வோல்ட் எடிசன் பேட்டரி நிறைய 16.5 வோல்ட் வேண்டும். என் மலிவு கன்ட்ரோலரில் மாட்டினால் அது பாதி வயிறோடுதான் கிடக்கும். 100 போட்டால் 65 வருவதே பெரிது என்பதால் பேனலும் பெரிசா வேண்டும்.

இதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு என் செட்டை மறுபடி கட்டினேன். மூன்று செல் லித்தியம் அயனுக்கு 12.6 வோல்ட்தான் உச்சம். அதே 12.6-ஐ லெட் ஆசிட்டுக்குக் கொடுத்தால் வெடிக்காது, ஆனால் என்றுமே நிறையாமல் எடிசன் வெறுத்த அதே சல்பேட் படியும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் நான்கு செல் என்றால் 14.6. லெட் ஆசிட் கணக்குக்குக் கிட்டே இருப்பதால் ஏமாந்துவிடாதீர்கள், கன்ட்ரோலரில் லித்தியம் செட்டிங் இருக்கா என்று பார்க்க வேண்டும், ஈக்வலைஸ் ஆகவே ஆகாது. ஒற்றை செல் டார்ச்சுக்கு டிபி 4056 மாட்யூல் இருபது முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும், ஆறு முனை உள்ள பாதுகாப்பு ரகமாகப் பார்த்து வாங்குங்கள். ஆனால் அது 5 வோல்ட் அடாப்டரை நம்பிச் செய்தது. பேனலுக்கு சிஎன் 3791 மேல், மேகம் வந்தாலும் பேனல் வோல்ட்டேஜை விழ விடாது. 6, 9, 12 வோல்ட் பேனலுக்குத் தனித்தனியாக வருகிறது, மாற்றி வாங்கினால் வேஸ்ட். இரண்டுமே 4.2 வோல்ட் மாட்யூல், பாஸ்பேட் செல்லுக்கு ஆகாது.

அத்தை கடைக்கு நான் கடைசியில் வைத்தது 12 வோல்ட் 7 ஆம்பியர் அவர் சீல்டு லெட் ஆசிட். அதே பழைய கன்ட்ரோலர், அதே பேனல். முதலில் பேட்டரியை மாட்டி, பிறகு பேனலை. நம்ம ஊர் சித்திரை வெயிலில் பேட்டரி சூடானால் 14.4 அதிகம், கால் வோல்ட்டாவது குறைக்க வேண்டும். மலிவு கன்ட்ரோலருக்கு வெப்பம் தெரியாது. அதனால் நானே 14.1 வைத்து, பேட்டரியைப் படிக்கட்டு நிழலில் வைத்தேன்.

எடிசன் 1931 அக்டோபர் 18-இல் 84 வயதில் இறந்தார். அவருடைய செல்லை 1975 வரை அமெரிக்காவில் செய்துகொண்டிருந்தார்கள்.

போன அமாவாசைக்கு 5 வாட் பல்பு விடியும் வரை எரிந்தது. பக்கத்துப் பூக்கடை அக்கா தனக்கும் ஒன்று செய்து தரச் சொல்லி ஒரு பழைய பேட்டரியைக் கொண்டுவந்து வைத்திருக்காங்க. மேலே ஒட்டிய லேபிள் பாதி கிழிந்திருக்கிறது. அது என்ன ரகம் என்று தெரியும் வரை எதையும் மாட்டுவதாக இல்லை.