ஷார்ட் ஸ்திரீட்டில் ஒன்பது தமிழ்ச் சிறுமிகள்: சோஃபியா பிளாக்மோரின் பரிசுத்த வாழ்வு

சிங்கப்பூரின் சிலிகி சாலைக்கு அருகே உள்ளது ஷார்ட் ஸ்திரீட். தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். 1887ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதி, அந்தத் தெருவிலிருந்த ஒரு கடைவீட்டில் ஒன்பது தமிழ்ச் சிறுமிகளுடன் ஒரு பள்ளி தொடங்கியது. இன்று மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி என்று அனைவரும் அறிந்த பள்ளி அதுதான். அதைத் தொடங்கியவர் சோஃபியா பிளாக்மோர்.

1857ல் ஆஸ்திரேலியாவின் கோல்பர்ன் நகரில் பிறந்தவர் அவர். இசபெல்லா லெனார்ட் என்ற அமெரிக்க நற்செய்தியாளரின் பழக்கம் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. அவருடன் இந்தியா சென்ற சோஃபியா, அமெரிக்க மெதடிஸ்ட் பெண்கள் சங்கத்தின் ஆதரவோடு 1887ல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். அச்சங்கம் சிங்கப்பூருக்கு அனுப்பிய முதல் பெண் ஊழியர் அவரே.

இங்கே வில்லியம் ஓல்டம் என்ற போதகர் அதற்கு முந்திய ஆண்டுதான் ஆண் பிள்ளைகளுக்காக ஆங்கிலோ-சீனப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். மகன்கள் படிக்க வழி பிறந்துவிட்டது. மகள்கள்? அந்தக் கேள்வி சில தமிழ் வணிகர்களுக்கும் இருந்தது. தங்கள் பெண் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று விரும்பிய அவர்கள் பள்ளிக்குப் பொருளுதவி செய்தார்கள். சோஃபியா வந்து சில வாரங்களிலேயே வகுப்பு தொடங்கிவிட்டது. தமிழ்ப் பெண்கள் பள்ளி என்பதே அதன் முதல் பெயர்.

சீனர்களின் வீடுகளில் வேலை அவ்வளவு எளிதாக இல்லை. பெரனாக்கன் குடும்பங்களில் வயதுக்கு வரும் பெண்ணை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பது அக்கால வழக்கம். சோஃபியா வீடு வீடாகப் போனார். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று பல தாய்மார்கள் திருப்பி அனுப்பினார்கள். வேற்று மதத்தாரிடம் பிள்ளையை ஒப்படைக்கத் தயங்கியதும் இயல்புதான். அவரும் தாம் நற்செய்தி சொல்ல வந்தவர் என்பதை மறைக்கவில்லை. பெரனாக்கன் வீட்டுப் பெண்களோடு பேச மலாய் கற்றுக்கொண்டார். 1888ல் ஒரு பெரனாக்கன் பெண்மணி தமது வீட்டிலேயே வகுப்பு நடத்த இடம் கொடுத்தார். அந்தச் சிறு வகுப்பு வளர்ந்து இன்றைய ஃபேர்ஃபீல்டு மெதடிஸ்ட் பள்ளி ஆயிற்று.

ஒரு வாசலில் இல்லை என்றால் அடுத்த வாசலுக்குப் போகும் இந்த உழைப்புக்கும் அவருடைய விசுவாசத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கடவுள் பரிசுத்தர் என்பது கிறிஸ்தவத்தின் அடிப்படை நம்பிக்கை. பரிசுத்தம் என்ற சொல்லுக்கு எபிரேய மொழியில் தனியாகப் பிரித்து வைக்கப்பட்டது என்ற பொருள் உண்டு. அதனால் உலகத்தைவிட்டு ஒதுங்கி, அழுக்குப் படாமல் இருப்பதே பரிசுத்தம் என்று எண்ணத் தோன்றும்.

ஆனால் வேதாகமத்தில் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தைத் திறந்தால், கடவுள் பரிசுத்தராக இருப்பதால் மக்களும் பரிசுத்தராக இருக்க வேண்டும் என்று தொடங்கும் அந்தப் பகுதி நேராக அன்றாட வாழ்க்கைக்குள் இறங்குகிறது. கூலிக்காரரின் கூலியை விடியும்வரை கையில் வைத்திருக்கக் கூடாது. வயலின் ஓரத்தை ஏழைக்கு விட்டுவிட வேண்டும். தராசில் கள்ளம் கூடாது. முதியவர் முன் எழுந்து நிற்க வேண்டும். அந்நியரைத் தன்னைப்போல் நேசிக்க வேண்டும். தோட்டத்திலும் கடையிலும் வேலை பார்த்தவர்களுக்கு இவற்றை விளக்கவே தேவையில்லை.

மெதடிஸ்ட் இயக்கத்தின் நிறுவனர் ஜான் வெஸ்லியும் இந்த வழியில்தான் நடந்தார். பரிசுத்தம் என்பது கடவுள்மீதும் அயலார்மீதும் நிறைந்த அன்பு என்று போதித்தார். சிறைக்கைதிகளைப் பார்க்கச் சென்றார். சுரங்கத் தொழிலாளர் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை காட்டினார். அந்த மரபில் வந்த சோஃபியாவுக்குத் தம்மைக் கடவுளுக்கென்று பிரித்து வைப்பது, திருமணம் செய்யாமல் ஊர் கடந்து வந்து பிறர் பிள்ளைகளுக்காக வாழ்வதாக அமைந்தது. பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்க அவர் நடத்திய நைண்ட் இல்லத்தில் ஆதரவற்ற சிறுமிகளுக்கும் இடம் கிடைத்தது.

அந்த இல்லத்துச் சிறுமிகளின் வழிபாட்டோடு தொடர்புடையது, 1894ல் உருவான மலாய் மொழிச் சபை. லிட்டில் இந்தியாவில் கம்போங் கப்பூர் மெதடிஸ்ட் தேவாலயமாக அது இன்றும் நிற்கிறது.

ஏறத்தாழ 40 ஆண்டுகள் சிங்கப்பூரில் உழைத்த சோஃபியா 1928ல் ஓய்வு பெற்று ஆஸ்திரேலியா திரும்பினார். 1945ல் அங்கேயே காலமானார். 2014ல் சிங்கப்பூர்ப் பெண்கள் புகழ்க்கூடத்தில் அவருடைய பெயர் சேர்க்கப்பட்டது.

ஷார்ட் ஸ்திரீட் பள்ளி 1925ல் சோஃபியா மலைக்கும், 1992ல் புக்கிட் தீமா வட்டாரத்துக்கும் இடம் மாறியது. அங்கே பள்ளி இருக்கும் சாலைக்கு பிளாக்மோர் டிரைவ் என்று பெயர். தினமும் காலையில் நூற்றுக்கணக்கான மாணவிகள் அதன் வழியே வகுப்புக்குப் போகிறார்கள். அவர்களுக்கெல்லாம் முன்னால் போனவர்கள், 1887ல் ஒரு கடைவீட்டில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கிய ஒன்பது தமிழ்ச் சிறுமிகள்.