ஊசி நகராது, துணிதான் நகரும்!

அருப்புக்கோட்டை கடைவீதியில் தையல் மெஷின் ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா, குட்டீஸ்? ஊசி ஒரே இடத்தில் குத்தும். துணி நகர நகர, தையல் வரிசையாக விழும். கடலுக்கு அடியிலும் இப்படித்தான் நடக்கிறது என்று கண்டு சொன்னவர், ஜான் டூசோ வில்சன்.

கனடாவின் ஒட்டாவா நகரில், 1908, அக்., 24ல் பிறந்தார். தாயார் மலையேறும் வீராங்கனை. இயற்பியலும், நிலவியலும் படித்த வில்சன், டொரன்டோ பல்கலையில் பேராசிரியரானார்.

கண்டங்கள் நகர்கின்றன என்பதை, 50 வயது வரை அவர் நம்பவில்லை. ஆதாரங்கள் சேர்ந்ததும், தன் கருத்து தவறு என்று உணர்ந்து மாற்றிக் கொண்டார்.

ஹவாய் தீவுகள் ஏன் வரிசையாக இருக்கின்றன? ஒரு முனையில் உள்ள தீவில் மட்டும் எரிமலை நெருப்பு கக்குகிறது. வடமேற்கே போகப் போகத் தீவுகளின் வயது கூடுகிறதே, ஏன்? பூமியின் ஆழத்தில் வெப்பப்புள்ளி அப்படியே இருக்கிறது; அதன் மேலுள்ள கடல்தரைதான், ஆண்டுக்குச் சில செ.மீ., நகர்கிறது என்றார் வில்சன். அவரது கட்டுரையை ஓர் ஆய்விதழ் ஏற்க மறுத்தது. அவர் சோர்ந்து விடவில்லை. 1963ல், கனடா இயற்பியல் இதழில் அது வெளியானது. பின்னாளில் உலகமே ஏற்றது.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இப்படி ஒரு புள்ளியின் மேல் இந்தியா இருந்தபோது பொங்கிய குழம்புதான், மகாராஷ்டிராவின் கரும்பாறைகள் என்கின்றனர் விஞ்ஞானிகள். அதே புள்ளி இன்று, இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் எரிமலையாகக் குமுறுகிறது!

வில்சன், 1993, ஏப்., 15ல் மறைந்தார். தவறை ஒப்புக் கொள்ளும் துணிவும், சரியானதை விடாத உறுதியும் அவரிடம் இருந்தன. நமக்கும் வேண்டும்தானே!