விளக்கேந்திய கைகளில் கஞ்சிரா

நுழையும்முன்

நாற்பது மாணவர் அமர்ந்திருக்கும் வகுப்பில் நாற்பது வகையான அறிவு அமர்ந்திருக்கிறது. தேர்வுத்தாள் அவற்றுள் சிலவற்றை அளக்கிறது; சிலவற்றைப் பற்றி அது கேட்பதே இல்லை. கேட்கப்படாத அறிவு என்ன ஆகிறது? அதனைக் கண்டறிந்து சொல்ல எத்தகையவர் வேண்டும்? விளக்கு ஏந்தும் பணியாளராக இருந்து, தென்னிந்திய இசையரங்குக்கு ஒரு புதிய கருவியையே வழங்கிய புதுக்கோட்டை மான்பூண்டியாப் பிள்ளையின் வாழ்வு இவ்வினாக்களுக்கு விடை கூறுகிறது.

பாறையில் ஒரு பாடநூல்

புதுக்கோட்டை நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் குடுமியான்மலை உள்ளது. அங்குள்ள குடைவரைக் கோயிலை அடுத்த பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் ஒரு கல்வெட்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. அதில் போர் வெற்றியோ நிலக்கொடையோ இல்லை. ஏழு பண்களுக்குரிய சுரக்கோவைகள் வரிசை வரிசையாக உள்ளன. மாணவர் நலன் கருதி இவை ஆக்கப்பட்டன என்னும் குறிப்பும் அக்கல்வெட்டிலேயே காணப்படுகிறது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, செவியாலும் விரலாலும் கற்கும் கல்விக்குப் பாடநூல் எழுத வேண்டும் என்று ஒருவர் எண்ணியிருக்கிறார். ஓலை செல்லரிக்கும் என்று கருதிப் பாறையையே ஏடாக்கியிருக்கிறார். இசையறிவைக் கல்வியாகவே மதித்த மண்ணில்தான் மான்பூண்டியாப் பிள்ளை தோன்றினார்.

விளக்கொளியில் கேட்ட தாளம்

1850களின் பிற்பகுதியில் பிறந்து 1922ஆம் ஆண்டு மறைந்தவர் மான்பூண்டியாப் பிள்ளை. மாமுண்டியாப் பிள்ளை என்றும் இவர் பெயர் வழங்குகிறது. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் இருந்தது. இவர் தொடக்கத்தில் கோயில் ஊர்வலங்களில் விளக்கு ஏந்திச் செல்லும் பணியாளராக இருந்தார் என்று இசை வரலாறு கூறுகிறது.

மின்விளக்கு இல்லாத காலத்துச் சுவாமி புறப்பாட்டை எண்ணிப் பாருங்கள். முன்னே நாகசுரமும் தவிலும் முழங்கும். பின்னே இறைத்திருமேனி எழுந்தருளும். இருபுறமும் விளக்கேந்துவோர் நடப்பர். வீதி வலம் வந்து முடிய இரவு நெடுநேரம் ஆகும். ஊரார் விளக்கின் ஒளியில் இறைவனைக் காண்பர். விளக்கை ஏந்தியவரை எவரும் காண்பதில்லை. ஆனால் அவருக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. ஊரில் வேறெவரும் அமராத இடத்தில், தவிலுக்கு மிக அருகில், இரவுதோறும் நடக்கும் வாய்ப்பு அது. கைகள் விளக்கைப் பிடித்திருந்தாலும் செவிகள் விடுதலையாகவே இருந்தன. அவ்வொலியில் ஒழுங்கையும் கணக்கையும் உணரும் செவி அமைந்தவருக்கு, ஒவ்வொரு புறப்பாடும் ஒரு வகுப்புதானே!

தவில் வித்துவான் மாரியப்பப் பிள்ளை இவருக்கு ஆசிரியராக அமைந்தார். அவரிடம் தாள நுட்பங்களை இவர் முறையாகக் கற்றார். இவ்வரலாற்றில் நாம் சற்றே நின்று கவனிக்க வேண்டிய இடம் இது. விளக்கேந்தும் ஒருவரிடம் தாள அறிவு இருக்கிறது என்பதை ஒரு வழிப்போக்கர் கண்டிருக்க முடியாது. தாளத்தில் தோய்ந்த ஒருவரே அதனை அடையாளம் காண முடியும். பொன்னை உரைத்துப் பார்க்கக் கட்டளைக்கல் வேண்டும் அன்றோ? அறிவை உரைத்துப் பார்ப்பதற்கும் அவ்வறிவுக்கு உரிய கல்லே வேண்டும்.

ஒரு கையின் கருவி

கஞ்சிரா அதற்கு முன்பும் பசனை மடங்களிலும் நாட்டுப்புற இசையிலும் ஒலித்த எளிய கருவிதான். 1880களை ஒட்டிய காலத்தில் மான்பூண்டியாப் பிள்ளை அதன்மேல் கருத்தைச் செலுத்தினார். பல சலங்கைத் தகடுகள் கலகலத்த கருவியை ஒரே ஓர் இணைத் தகடு கொண்டதாகச் செப்பம் செய்து, அரங்கிசைக்கு உரியதாக்கிய பெருமை அவருக்கே உரியதாகக் கூறப்படுகிறது.

பலாமரத்தில் கடைந்த சிறு வளையம். அதன் ஒருபுறம் இழுத்து ஒட்டிய உடும்புத்தோல். வளையத்தின் பக்கவாட்டில் ஒரு துளை. அத்துளையில் உலோகத் தகடுகள். கஞ்சிராவின் உறுப்புகள் இவ்வளவே. தோலின் உட்புறத்தைச் சிறிது நீரால் நனைத்தால் ஒலி தாழ்ந்து கனத்து ஒலிக்கும். இடக்கை கருவியைத் தாங்கிக்கொண்டே விரல்களால் தோலை அழுத்தி, ஒலியை உயர்த்தியும் தாழ்த்தியும் குழைக்கும். அடிக்கும் வேலை முழுவதும் வலக்கைக்கு உரியது.

மிருதங்கத்துக்கு இரண்டு முகங்கள். இரு கைகளும் மாறி மாறி ஒலியெழுப்பும். கஞ்சிராவுக்கு ஒரே முகம், ஒரே கை. பத்து விரல்களும் பகிர்ந்துகொள்ளும் சொற்களை ஐந்து விரல்களால் அதே விரைவில் சொல்ல வேண்டும். தஞ்சையில் நாராயணசாமி அப்பா போன்ற பெரும் மிருதங்க மேதைகள் புகழோடு விளங்கிய காலம் அது. அத்தகைய அரங்கில், கைக்கு அடக்கமான இக்கருவி இரங்கத்தக்கதாகத் தோன்றியிருக்கும். அதனை மிருதங்கத்துக்கு இணையாக அமர்த்தியதே மான்பூண்டியாப் பிள்ளையின் சாதனை. புதுக்கோட்டை வழி என்று இன்றும் போற்றப்படும் தாள மரபுக்கு அவரே முதல்வர். பாட்டின் போக்கைத் தழுவிச் செல்வதில் தஞ்சாவூர் வழி சிறந்தது என்றும், தவிலின் செல்வாக்கோடு கணக்கு நுட்பத்தில் புதுக்கோட்டை வழி சிறந்தது என்றும் இசையறிஞர் கூறுவர்.

விரல்கள் போட்ட கணக்கு

கணக்கு என்று இங்குக் கூறுவது வெறும் புகழுரையன்று; உண்மையான கணிதமே. ஆதிதாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு 8 எண்ணிக்கை. ஒவ்வோர் எண்ணிக்கையையும் நான்காகப் பகுத்தால் 32 மாத்திரை. இப்போது தத்திகிணதொம் என்னும் ஐந்து மாத்திரைச் சொல்லை இடைவிடாமல் வாசிப்பதாகக் கொள்வோம். ஓர் ஆவர்த்தனத்தில் ஆறு முறை வாசித்தால் 30 மாத்திரை ஆகும், இரண்டு எஞ்சும். ஏழாவது முறை அடுத்த ஆவர்த்தனத்துக்குள் வழிந்து செல்லும். இவ்வாறு வழிந்து வழிந்து, ஐந்து ஆவர்த்தனங்களின் முடிவில், அதாவது 160 மாத்திரையில், 32ஆம் முறை முடியும்போதுதான் அச்சொல் மீண்டும் தாளத்தின் தொடக்கத்தோடு சரியாகப் பொருந்தும். அதுவரை கையில் ஐந்தும் தாளத்தில் நான்கும் தனித்தனியே ஓடிக்கொண்டிருக்கும்.

வேறொரு கணக்கையும் காண்போம். ஒரு சொற்கட்டை மும்முறை வாசித்து முடிப்பது தீர்மானம். 10 மாத்திரைச் சொற்கட்டை மும்முறை வாசித்து, இடையிடையே ஒவ்வொரு மாத்திரை நிறுத்தினால் 30 + 2 = 32. ஓர் ஆவர்த்தனம் சரியாக நிறையும். 8 மாத்திரைச் சொற்கட்டாயின் இடைவெளி நான்கு நான்காக வேண்டும்: 24 + 8 = 32. மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என்னும் ஐவகை நடைகளிலும் இத்தகைய கணக்குகளைக் கலந்து கட்டினால் எண்ணற்ற வடிவங்கள் பிறக்கும். கரும்பலகையில் எழுதினால் இது பின்னமும் பொது மடங்கும் ஆகும். தாள வித்துவானோ இதனை எழுதுவதில்லை. அழித்துத் திருத்துவதும் இல்லை. பாடகர் தாளம் போட்டுக்கொண்டிருக்க, அவையினர் நோக்கியிருக்க, விரல்நுனியில் அக்கணத்திலேயே விடை காண்கிறார். அரை மாத்திரை பிழைத்தாலும் தேர்ந்த அவை உணர்ந்துவிடும். இதனினும் கடுமையான தேர்வு எது?

மாணவர் ஆசிரியரானார்

தாம் கண்டறியப்பட்டதைப் போலவே பிறரைக் கண்டறிந்தார் மான்பூண்டியாப் பிள்ளை. அவர்தம் மாணவருள் புகழ்மிக்கவர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை (1875–1936). இவர் அரண்மனைக் காவல் பணியில் இருந்தவர் என்பர். விளக்கேந்தியவர் காவலரிடம் தாளத்தைக் கண்டார். அக்காவலர் பின்னாளில் கஞ்சிராவிலும் மிருதங்கத்திலும் ஈடற்றவராக விளங்கினார். காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் பேரவையில் பல தாளக் கருவிகளோடு நிகழ்ந்த பெருங்கச்சேரிகளுக்கு அணி சேர்த்தார்.

மற்றொரு மாணவர் பழனி முத்தையாப் பிள்ளை. இவருடைய மகன் சுப்பிரமணியம் இடக்கைப் பழக்கம் உடையவர். மிருதங்க வித்துவான் பாடகரின் வலப்புறமும் வயலின் வித்துவான் இடப்புறமும் அமர்வது அரங்க மரபு. இடக்கையர் மிருதங்கம் வாசித்தால் இருவரும் இடம் மாற வேண்டும். வயலினின் முகம் அவையை விட்டு விலகும். எனவே இவருடன் வாசிக்கப் பலர் தயங்கினர். குறை இவர் திறனில் இல்லை. இருக்கை முறையில் இருந்தது. செம்பை வைத்தியநாத பாகவதர் இதனை உணர்ந்து, இருக்கையை மாற்றித் தம் கச்சேரிகளில் இவரை விரும்பி அமர்த்திக்கொண்டார். பழனி சுப்பிரமணியப் பிள்ளை தம் காலத்து மிருதங்க மேதையருள் ஒருவராக உயர்ந்து 1962இல் மறைந்தார். நாற்காலியை மாற்ற மனமில்லாத இடத்தில், எத்தனை இடக்கையர் எழுந்து சென்றிருப்பர்!

அளவுகோலும் அளக்கப்படுபவரும்

மான்பூண்டியாப் பிள்ளையின் இறுதிக் காலத்திலேயே உலகில் அறிவை எண்ணால் அளக்கும் முயற்சி தொடங்கிவிட்டது. 1905இல் பிரான்சு நாட்டின் ஆல்பிரட் பினே, தியோடர் சைமன் என்னும் அறிஞர்கள் முதல் நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கினர். கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிவதே அதன் நோக்கம். உதவுவதற்குப் பிறந்த அளவுகோல், நாளடைவில் மனிதரைத் தரம் பிரிக்கும் கோலாகவும் பயன்படுத்தப்பட்டது.

அதே ஆண்டுகளில் கும்பகோணத்தில் சீனிவாச இராமானுசன் என்னும் இளைஞர் கணிதம் தவிர்ந்த பாடங்களில் தோற்று, கல்வி உதவித்தொகையை இழந்தார்; சென்னையிலும் கல்லூரித் தேர்வில் தேறவில்லை. இந்தியக் கணிதவியல் கழகத்தை நிறுவிய இராமசாமி ஐயர் அவருடைய குறிப்பேட்டைக் கண்டு வியந்தார். 1913இல் ஆர்டி அவருடைய கடிதத்தைப் படித்து மேதைமையை உணர்ந்தார். இருவரும் கணிதம் அறிந்தவர்கள் என்பதை மறவாதீர்கள். மாரியப்பப் பிள்ளை தவிலில் பெற்றிருந்த கட்டளைக்கல், அவர்களிடம் கணிதத்தில் இருந்தது.

1983இல் ஆர்வர்டு பல்கலைக்கழக அறிஞர் ஓவர்டு கார்டுனர், மொழி, தருக்கமும் கணிதமும், இடம் உணர்தல், இசை, உடல் இயக்கம், பிறரை அறிதல், தன்னை அறிதல் என அறிவு எழுவகைப்படும் என்று ஒரு கொள்கையை முன்வைத்தார். இவை தனித்தனி அறிவுகளா, ஒரே அறிவின் பல முகங்களா என்று உளவியலாளர் இன்றும் வாதிடுகின்றனர். அவ்வாதம் எவ்வாறு முடியினும், கஞ்சிரா வாசிப்பவரின் விரலில் இசையும் கணிதமும் உடலியக்கமும் ஒன்றாய்க் கலந்திருப்பதை மறுப்பார் இலர்.

விளக்கை யார்மேல் திருப்புவது?

மதிப்பெண் பயனற்றது என்பது இவ்வரலாற்றின் பாடமன்று. அது தான் கேட்ட வினாவுக்கு நேர்மையான விடையே தருகிறது. கேளாத வினாவுக்கும் அதுவே விடை என்று நாம் கொள்ளும்போதுதான் பிழை நேர்கிறது. அவ்வாறே, தனித்திறன் உண்டு என்று கூறி உழைப்பைக் கைவிடுவதற்கும் இங்கு இடமில்லை. மான்பூண்டியாப் பிள்ளையின் செவி இயற்கை தந்தது. அவருடைய விரல் பயிற்சி தந்தது. கண்டறிதல் தொடக்கமே; கற்பித்தலும் கற்றலும் அதனை நிறைவு செய்தன.

2024ஆம் ஆண்டு கிராமி விருது பெற்ற சக்தி இசைக்குழுவில் செல்வகணேசின் கஞ்சிரா ஒலித்தது. உலக அரங்கில் ஒலித்த அக்கருவியின் வழித்தடத்தைப் பின்னோக்கித் தேடிச் சென்றால், புதுக்கோட்டையின் இருண்ட வீதியொன்றில் விளக்கேந்தி நடந்த ஒருவரிடம் போய்ச் சேர்வோம். அவருக்கு முன்னும் பின்னும் விளக்கேந்தியோர் பலர். அவருள் எத்தனை பேர் செவியில் தாளம் ஒலித்தது, எத்தனை பேருக்கு மாரியப்பப் பிள்ளை கிடைக்கவில்லை என்பதற்குக் கணக்கே இல்லை.

உங்கள் வகுப்பிலும் ஒருவர் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருக்கக்கூடும். ஒருவர் பழுதான மிதிவண்டியைப் பார்த்ததுமே குறையைச் சொல்லக்கூடும். ஒருவர் அழும் தோழனை இரண்டே சொற்களில் ஆற்றக்கூடும். பிறருக்கு ஒளி காட்டிக்கொண்டு தாம் இருளில் நிற்கும் அவர்கள்பால் விளக்கைச் சற்றே திருப்புங்கள்.

தெரியுமா?

உடும்பு, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படும் உயிரினம். எனவே இன்று ஆட்டுத்தோல் முதலிய மாற்றுப் பொருள்களாலும் கஞ்சிரா செய்யப்படுகிறது.

கற்பவை கற்றபின்

1. 3 × சொற்கட்டு + 2 × இடைவெளி = 32 என்னும் முறையில் அமையும் வேறு தீர்மானங்களைக் கண்டறிந்து, கைத்தாளமிட்டுச் சொல்லிக் காட்டுக.

2. தேர்வில் வெளிப்படாத திறன் ஒன்றை உடைய வகுப்புத் தோழர் ஒருவரைப் பற்றி, அவர் இசைவு பெற்று, ஒரு பக்க அளவில் எழுதுக.