ஈயத்தில் மின்சாரம் சேர்த்தவர்

பிரான்சு நாட்டின் தென்மேற்கில் உள்ள ஒர்த்தேஸ் என்னும் ஊரில் 1834ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் பிறந்தவர் கஸ்தோன் பிளாந்தே. இருபதாம் வயதில் பாரிசு நகரத்துக் கலை தொழிற்கல்வி நிறுவனம் ஒன்றில் இயற்பியல் உதவியாளராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அவர் பெயர் அறிஞரிடையே பேசப்பட்டது. ஆனால் அது மின்சாரத்தால் அன்று. பாரிசை அடுத்த மெதோனில், பறக்க இயலாத தொல்பறவை ஒன்றின் எலும்பை அவர் கண்டெடுத்தார். அப்பறவைக்கு அவர் பெயரையொட்டிக் கஸ்தோர்னிஸ் என்று பெயர் சூட்டினர்.

அந்நாளைய மின்கலங்கள் ஒருமுறைப் பயனுக்கே உரியவை. உள்ளிருந்த துத்தநாகம் கரைந்து தீர்ந்தால் மின்னோட்டமும் தீர்ந்துவிடும். நீர்த்த அமிலத்தில் இரு உலோகத் தகடுகளை அமிழ்த்தி மின்சாரம் செலுத்தி நிறுத்தினால், சிறிது நேரம் எதிர்த்திசையில் மின்னோட்டம் பாய்வதை ஆய்வாளர் அறிந்திருந்தனர். மின்கலத்தின் வலிமையைக் குறைக்கும் இவ்விளைவை நீக்கவே பலர் முயன்றனர். பிளாந்தேயோ அதனை வளர்க்க முனைந்தார். செம்பு, வெள்ளி, தங்கம், பிளாட்டினம் எனப் பல உலோகங்களை ஆராய்ந்தார். விலைமிக்க உலோகங்களை எல்லாம் எளிய ஈயம் வென்றது.

1859இல் இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதபடி இடையே துணி வைத்துச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார். மின்னேற்றம் செய்தபோது ஒரு தகட்டில் பழுப்புநிற ஈய டை ஆக்சைடு படிந்தது. மற்றது ஈயமாகவே நின்றது. மின்னிறக்கத்தின்போது இரண்டின் மேற்பரப்பும் ஈய சல்பேட்டாக மாறின. மீண்டும் மின்னேற்றினால் பழைய நிலை திரும்பியது. ஒரு கலம் ஏறத்தாழ 2 வோல்ட் அழுத்தம் தந்தது. 1860இல் ஒன்பது கலங்கள் கொண்ட அடுக்கைப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்தார்.

புதிய தகடு தொடக்கத்தில் மிகச் சிறிதளவு மின்சாரத்தையே ஏற்றது. மின்னேற்றுவதும் இறக்குவதும், திசையை மாற்றி ஏற்றுவதும், இடையே ஓய்வளிப்பதுமாகப் பலமுறை பழக்கிய பின்னரே ஈயத்தின் மேற்பரப்பு நுண்துளைகள் பெற்றுக் கொள்ளளவு பெருகிற்று. ஒரு கலத்தைப் பக்குவப்படுத்தப் பல மாதங்கள் ஆயின. விரைவை விரும்பும் மனத்துக்கு ஏற்ற பணியன்று இது.

வேறோர் இடரும் இருந்தது. சேமக்கலனுக்கு மின்னேற்ற, தீர்ந்துபோகும் அதே பழைய மின்கலங்களையே நாட வேண்டியிருந்தது. ஆதலால் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அது பெரும்பாலும் ஆய்வுக்கூடக் கருவியாகவே இருந்தது. 1870களில் டைனமோ பரவத் தொடங்கிய பின்னரே வாயில் திறந்தது. 1881இல் கமில் ஃபோர் என்பவர் ஈய ஆக்சைடுக் குழம்பைத் தகட்டில் பூசி, மாதக்கணக்கான பக்குவத்தைச் சுருக்கினார். தொழிற்சாலைகள் எழுந்தன.

சேமக்கலனின் பராமரிப்பு முறைகளுக்கும் பிளாந்தே கண்ட அவ்வேதிமாற்றமே அடிப்படை. மின்னிறக்கத்தில் அமிலம் நீர்த்துப்போவதால், அதன் ஒப்படர்த்தியை அளந்தே எஞ்சிய மின்னேற்றம் கணிக்கப்படுகிறது. வெறுமையான கலத்தை நெடுநாள் விட்டுவைத்தால் சல்பேட்டு இறுகிப் படிந்து எளிதில் மாறாது. மின்னேற்றத்தின் இறுதியில் நீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளியேறும். எனவே நெருப்பை விலக்கி, காற்றோட்டம் தந்து, திறந்து நிரப்பும் வகைக் கலங்களில் குறைந்த அளவைக் காய்ச்சி வடித்த நீரால் ஈடுசெய்வர். அமிலத்தை ஊற்றுவதில்லை, குறைந்தது நீரே அன்றோ!

பிளாந்தே அதன்பின் பல கலங்களை இணைத்து உயரழுத்த மின்சாரம் உண்டாக்கி, மின்னலை ஒத்த ஒளிகளை ஆய்வுக்கூடத்தில் தோற்றுவித்தார். தம் மின்னாய்வுகளை 1879இல் நூலாக வெளியிட்டார். 1889ஆம் ஆண்டு மே 21ஆம் நாள், இளமையில் பறவை எலும்பைக் கண்டெடுத்த மெதோனை அடுத்த பெல்வூவில் மறைந்தார். ஐம்பத்தைந்து வயதே ஆகியிருந்தது. மின் நிலையங்களில் நிலையாக நிறுத்தப்படும் சில சேமக்கலன்களில் தூய ஈயத்தாலான தகடுகள் பிற்காலத்திலும் அவர் பெயராலேயே வழங்கப்பட்டன.