கலிபோர்னியா தீவு இல்லைங்க!

கூகுள் மேப்பில் கலிபோர்னியாவைத் தேடிப் பாருங்க, அமெரிக்கக் கண்டத்தோட ஒட்டித்தான் இருக்கும். ஆனா 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் அச்சான பல வரைபடங்களில் அது ஒரு தீவு! அந்தத் தப்பைத் திருத்தினவர்தான் யூசேபியோ கீனோ. அதுக்காக அவர் ஏறிப் பார்த்தது, பாலைவனத்துக்கு நடுவுல இருந்த ஒரு எரிமலை.

கீனோ 1645-ல் இன்றைய வட இத்தாலியில் பிறந்தார். கணிதமும் வானியலும் படிச்ச இயேசு சபைப் பாதிரியார். சீனா போகணும்னு ஆசைப்பட்டார். சபை மெக்சிகோவுக்கு அனுப்பிடுச்சு. 1687 முதல் சாகும்வரை சொனோரா பாலைவனப் பகுதியில், ஓ'ஓதம் பழங்குடி மக்கள் நடுவில் வாழ்ந்தார். குதிரையிலேயே ஆயிரக்கணக்கான மைல் சுத்தினார்.

1698-ல் பினகாட்டே எரிமலை மேல ஏறினார். உயரம் சுமார் 1,190 மீட்டர். அங்கிருந்து பார்த்தப்போ, கலிபோர்னியா வளைகுடா வடக்கே குறுகி முடியுற மாதிரி தெரிஞ்சுது. ஆனா ஒரே பார்வையை வச்சு முடிவு சொல்ல முடியாதே!

அடுத்த வருஷம் அந்தப் பகுதி மக்கள் அவருக்கு நீலச் சிப்பிகளைப் பரிசாக் கொடுத்தாங்க. அந்த வகைச் சிப்பியை அவர் அதுக்கு முன்னாடி கலிபோர்னியாவின் பசிபிக் கரையில் மட்டும்தான் பார்த்திருந்தார். நடுவுல கடல் இருந்தா இது எப்படி இங்க வந்தது? கைமாறி வர ஒரு தரைவழி இருக்கணும்னு யோசிச்சார். 1701-ல் திரும்பவும் பினகாட்டேக்குப் போனார். 1702-ல் கொலராடோ நதி கடலில் கலக்கிற இடம்வரை நேரிலேயே போய்ப் பார்த்தார். அவர் வரைந்த தரைவழி வரைபடம் 1705-ல் பாரிஸில் அச்சானது.

அப்பவும் பலர் நம்பலை. 1711-ல், 65 வயதில் கீனோ இறந்துட்டார். கலிபோர்னியா தீவு இல்லைன்னு ஸ்பெயின் மன்னர் ஆணை போட்டது 1747-ல்தான்.

அவர் ஏறின பினகாட்டே 1993 முதல் மெக்சிகோவின் உயிர்க்கோளக் காப்பகம். 2013 முதல் யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னம். அங்க கறுப்பு எரிமலைக் குழம்புப் பாறையும் வெளிர் மணல்மேடும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. பூமிக்குள்ள கொதிக்கிற மாக்மா நிலத்தடி நீரைத் தொட, நீராவி வெடிச்சு உருவான வட்டப் பள்ளங்களும் உண்டு. எல் எலிகான்ட்டே என்ற பள்ளத்தின் ஆழம் மட்டும் 240 மீட்டருக்கு மேல! நிலவுக்குப் போறதுக்கு முன்னாடி அப்போலோ விண்வெளி வீரர்கள் பயிற்சி எடுத்ததும் இங்கதான். ஓ'ஓதம் மக்களுக்கு இன்னைக்கும் இது புனித பூமி.

என்னைக்காவது நீங்க அங்க போனா, நிறைய தண்ணி எடுத்துட்டுப் போங்க. ஒரு கல்லைக்கூட எடுத்துட்டு வராதீங்க. தென்மேற்கே திரும்பி அந்த வளைகுடாவைப் பாருங்க. அச்சுல இருந்ததை அப்படியே நம்பாம, ஒருத்தர் நேர்ல வந்து சரிபார்த்த இடம் அது.