மாட்டுப் பாட்டா? தேர்தல் பாட்டா?

தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறது பண்ணைப்புரம். இளையராஜா பிறந்த ஊர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அவர் புகழ் பெறுவதற்கு முன்பே அந்த ஊரின் பெயரை மேடை மேடையாகக் கொண்டு சென்றவர் ஒருவர் உண்டு. அவர்தான் அண்ணன் பாவலர் வரதராஜன்.

வரதராஜன் கம்யூனிஸ்டு கட்சிக்காரர். பாட்டுக் கட்டுவார், தாமே பாடவும் செய்வார். ஜனங்களுக்குப் பழகிய மெட்டை எடுத்து, அதில் அரசியலை வைத்துப் பாடுவார். மெட்டு தெரிந்தது என்பதால் பாட்டு உடனே மனதில் ஒட்டிக்கொள்ளும்.

1957-ல் கேரளத்தில் நம்பூதிரிபாடு தலைமையில் கம்யூனிஸ்டு மந்திரிசபை அமைந்தது. மறு ஆண்டு தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. தேவிகுளம் மலைமேல் உள்ள தேயிலைச் சீமை. தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்களிடம் ஓட்டுக் கேட்கத் தமிழ்ப் பாட்டு வேண்டும் அல்லவா? பாவலர் மலை ஏறினார்!

அப்போது காங்கிரசின் சின்னம் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. அந்தக் காளைகளைக் கேலி செய்து பாவலர் பாடினார். கூட்டம் சிரித்தது. கம்யூனிஸ்டு வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றார்.

அந்தப் பாட்டு ஒரு ஒலிநாடாவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாடாவின் மேல் ஒன்றும் எழுதவில்லை. இன்று ஒரு பள்ளிப் பிள்ளை அதைக் கேட்டால் என்ன நினைக்கும்? ஏதோ உழவன் தன் மாட்டைத் திட்டுகிறான் என்றுதான் நினைக்கும்! 1969-ல் காங்கிரஸ் பிளந்த பின், அந்தச் சின்னமும் மறைந்துவிட்டது. பாட்டு இருந்தும் பொருள் போய்விடும்.

ஆகவே பாட்டோடு சில விவரங்களும் சேர்ந்து இருக்க வேண்டும். எழுதியவர் யார்? பாடியவர் யார்? எந்த ஊர், எந்த ஆண்டு, எதற்காக? மெட்டு எந்தப் பாட்டிலிருந்து வந்தது? இந்த விவரங்களைத்தான் மெட்டாடேட்டா என்கிறார்கள். பெயர் புதிது, வேலை பழையது. 1902-ல் கல்கத்தாவில் இசைத்தட்டுக்குப் பாடிய கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் சொல்வார். தட்டு அச்சானது ஜெர்மனியில். அங்கே சீட்டு ஒட்டுகிறவருக்கு இந்துஸ்தானி தெரியாதே!

காதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். இளையராஜா 14 வயதில் அண்ணன் குழுவில் சேர்ந்தார். அப்போது அவர் பாடியது பெண் குரலில்! விவரம் அறியாதவர் கேட்டால் பாடகி என்றே குறித்து வைப்பார். பிறகு ஒருவரும் அந்தப் பாட்டை இளையராஜாவின் பெயரில் தேடி எடுக்க முடியாது.

1968-ல் தம்பிமார் சென்னைக்குப் புறப்பட்டார்கள். பாவலர் 1973-ல் காலமானார். 1976-ல் அன்னக்கிளி வெளிவந்து, தமிழ்நாடே தம்பியின் பாட்டைப் பாடியபோது அதைக் கேட்க அண்ணன் இல்லை.

1981-ல் வந்த அலைகள் ஓய்வதில்லை படத்தைப் பார்த்தவர்கள், தயாரித்த கம்பெனியின் பெயரைக் கவனித்திருக்கலாம். பாவலர் கிரியேஷன்ஸ். தம்பிமார் வைத்த பெயர் அது.